அயல்நாட்டுப் பயிற்சியும் அகத்தின் ஆயத்தமும்

அயல்நாடு செல்வார் செய்துகொள்ளும் ஆயத்தம் இருவகைத்து. ஒன்று பெட்டியைப் பற்றியது. மற்றொன்று உள்ளத்தைப் பற்றியது. பெட்டியைப் பற்றிய ஆயத்தத்தை எவரும் மறப்பதில்லை. அதன் எடை அளவிறந்தால் வானூர்தி நிலையத்தாரே தடுத்து நிறுத்துவர். உள்ளத்தில் ஏற்றிச் செல்லும் சுமையை நிறுப்பார் இலர். அச்சம், நாணம், தற்பெருமை, முன்னரே முடிந்த முடிபாகக் கொண்ட கருத்து என்னும் இவை எத்துணை மிகுதியாயினும் எவ்வாயிலிலும் தடையின்றி உடன் செல்லும். கற்கச் சென்ற இடத்தே கல்விக்கு இடமின்றி நிரம்பியும் இருக்கும். திருநெல்வேலியில் வாழும் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்த செய்திகள் இவ்வுண்மையை இனிது விளக்குவனவாதலின், அவை ஈண்டு எடுத்துரைக்கப்படுகின்றன.

அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் புலாலுண்ணாது வாழ்பவர். பாட்டனார் தமிழாசிரியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். திருமுறைகளிலும் சித்தாந்த சாத்திரங்களிலும் ஆழ்ந்த பயிற்சியுடையவர். அவர்தம் பெயர்த்தி கட்டடப் பொறியியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி. இக்காலத்துக் கல்லூரி மாணவர் விடுமுறைத் திங்கள்களில் தொழிற்சாலையிலேனும் ஆராய்ச்சிக் கூடத்திலேனும் சென்றிருந்து கைப்பழக்கம் பெறுவர். அதனை ‘இண்டர்ன்ஷிப்’ என வழங்குவர். அம்மாணவிக்கு ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில், மரக்கட்டடங்கள் நிலநடுக்கத்தை எங்ஙனம் தாங்குகின்றன என்பதை ஆராயும் கூடம் ஒன்றில் எட்டு வாரம் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. மேத் திங்கள் இறுதியிற் புறப்பட்டு, ஜூலைத் திங்கள் இறுதியில் மீளுதல் வேண்டும்.

ஜப்பான் நிலநடுக்கம் மலிந்த நாடு. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரைச் சிதைத்த நடுக்கத்தில் 6,400 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் இடிந்து வீழ்ந்த வீடுகளின்கீழ் அகப்பட்டவர். அவ்வீடுகளிற் பல பழைய மரவீடுகள். கோபேக்கு நெடுந்தொலைவில் இல்லாத கியோட்டோவிலோ, தோஜி என்னும் பௌத்தக் கோயிலின் ஐந்நிலைக் கோபுரம், ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையதாய், மரத்தாலாகியதாய், 1644ஆம் ஆண்டு முதல் நின்று வருகின்றது. முன்னர் அங்கு நின்ற கோபுரங்கள் நான்கு முறை தீக்கிரையாயின. இப்போதுள்ளது எத்தனையோ நடுக்கங்களைக் கண்டும் வீழ்ந்திலது. அதன் நிலைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணிக்கப்படாது அடுக்கப்பட்டிருத்தலால் நடுக்கத்தில் அசைந்து கொடுக்கும் என்றும், நடுவே ஒரு பெருந்தூண் அந்நிலைகளோடு ஒட்டாது நிற்கும் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். கருங்கற்கோயிலின் நிழலில் வளர்ந்த அம்மாணவிக்கு, அசைந்து நிலைபெறும் இம்மரக்கோபுரம் பெருவியப்பாயிருந்தது. அவள் அந்நாட்டிற்குச் செல்ல விழைந்ததும் அதன்பொருட்டே.

வாய்ப்புக் கிடைத்தமை அறிந்தவுடன் வீட்டிலுள்ளார் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு கவலை பிறந்தது. தந்தைக்குப் பொருட்கவலை. தாய்க்கு, எட்டு வாரத்தில் மகள் தன் இயல்பு மாறி விடுவாளோ என்னும் அச்சம். ஆச்சிக்கு, பெயர்த்தி உண்பதற்கு யாது செய்வாள் என்னும் ஏக்கம். பாட்டனார்க்கு மட்டும் கவலை இல்லை; பெருமிதமே மிகுந்திருந்தது.

முதற்கண் விசாவுக்குரிய தாள்கள் திரட்டப்பட்டன. குறுகிய காலம் தங்குவார்க்கு ஜப்பானியர் வகுத்துள்ள முறைப்படி, எந்நாள் எவ்விடத்துத் தங்குவது, யாது செய்வது என்பவற்றை நாள்தோறும் குறித்த அட்டவணையொன்று வேண்டும். அழைக்கும் அந்நாட்டார் ஒருவர் அழைப்பின் காரணத்தை எழுதித் தருதலோடு, பிணைத்தாளும் ஒன்று தருதல் வேண்டும். வருபவர் தங்கும் செலவுக்கும், மீண்டு செல்லும் செலவுக்கும், அந்நாட்டுச் சட்டத்தைப் பிழையாது ஒழுகுதற்கும் அவர் பொறுப்பேற்றுக்கொள்வதே அத்தாளின் கருத்து. ஆராய்ச்சிக் கூடத் தலைவர் முத்திரையிட்டு விடுத்த அத்தாளைத் தந்தையார் இருமுறை படித்தார். “முகம் அறியாத ஒருவர் நம் மகளுக்காகப் பிணை நிற்கின்றார். இனி இவள் செய்யும் பிழை இவளோடு நில்லாது,” என்று அவர் கூறிய சொல், ஏனை அறிவுரைகள் எல்லாவற்றினும் அவள் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பெயரைப் பற்றியும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. ஜப்பானியர்க்குக் குடிப்பெயர் முன்னும் இடுபெயர் பின்னுமாக வரும். பிறரை அழைக்குங்கால் குடிப்பெயரோடு ‘சான்’ என்னும் மதிப்புச்சொல் சேர்த்தழைப்பர். தமிழர் பலர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கடவுச்சீட்டில் அம்முதலெழுத்து விரிந்து குடிப்பெயரின் இடத்தை அடைந்திருந்தமையால், ஆராய்ச்சிக் கூடத்தார் விடுத்த கடிதங்கள் எல்லாம் தந்தையின் பெயரைச் சொல்லியே அவளை விளித்தன. வீட்டில் அனைவரும் நகைத்தனர். “நன்றே ஆயிற்று. எட்டு வாரமும் உன்னை அழைப்பார் எல்லாம் உன் தந்தையை உனக்கு நினைவூட்டுவர்,” என்றார் ஆச்சி.

பின்னர்ப் பெட்டியைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. கறிவேப்பிலையும் மாங்காயும் கொடுத்தனுப்ப ஆச்சி எண்ணினார். பச்சைக் காய்கனிகளையும் இலைகளையும் செடிநோய் இல்லை என்னும் அரசியற் சான்றின்றி அந்நாட்டிற் கொண்டு புகலாகாது. சளிக்குரிய மாத்திரைகளைத் தாய் எடுத்துவைத்தார். அத்தகைய மாத்திரைகள் சிலவற்றிலுள்ள சூடோஎபெட்ரின் என்னும் மருந்துப்பொருள் நூற்றுக்குப் பத்தின் மேற்பட்டிருப்பின் அதுவும் தடுக்கப்பட்டது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளையும் ஒரு திங்களுக்கு வேண்டும் அளவே தனி இசைவின்றிக் கொண்டு செல்லலாம். இவற்றை அவள் எடுத்துக் கூறக் கூறப் பெட்டி சுருங்கிற்று. பருப்புப்பொடியும், சிறு குக்கர் ஒன்றும், திருநீற்றுச் சம்புடமும் எஞ்சின. வெண்பொடியைக் கண்டு சுங்கத்தார் ஐயுறுவரோ என்று தம்பி நகையாடினான். “வினவினால் இன்னதென்று சொல்வாள், சொல்லத்தக்க பொருள்தானே,” என்றார் பாட்டனார்.

இனி, அந்நாட்டு வழக்கங்களைக் கற்றதைக் கூறுவாம். ஹிரகானா எனப்படும் 46 எழுத்துக்களையும் அவள் இருபது நாளிற் கற்றாள். வீட்டினுட் புகுமுன் காலணி களைதல் இருநாட்டிற்கும் பொதுவாதலின் அதில் இடர் இல்லை. ஆனால் அங்கு வீட்டினுள்ளும் செருப்பு அணிவர். பாய் விரித்த அறையிற் புகுங்கால் அதனையும் களைவர். கழிப்பறைக்கு வேறு செருப்பு உண்டு. அதனோடு வெளியே வந்துவிடுதல் அயலார் செய்யும் பெரும்பிழை. பொருளைக் கொடுக்குங்காலும் வாங்குங்காலும் இருகையும் கூட்டுதல் நன்மரியாதை. இசைவு தெரிவிக்கத் தலையைப் பக்கவாட்டில் அசைக்கும் நம்மவர் வழக்கம் அங்கு மறுப்பாகக் கொள்ளப்படும். இது தானே அறியாது நிகழ்வதாகலின், கண்ணாடிமுன் நின்று நெடுக்காகத் தலையசைத்துப் பழகினாள்.

உண்குச்சிகளைக் கையாளப் பழகுதற்கு ஆச்சி கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்தார். முதல்நாள் கடலை அனைத்தும் தரையில் உருண்டன. பத்தாம் நாள் ஒவ்வொன்றாய் எடுத்து மற்றொரு கிண்ணத்திற் சேர்த்தாள். குச்சிகளைச் சோற்றில் நேராக நட்டு வைத்தல் இறந்தார்க்கு இடும் சோற்றின் அடையாளம் என்பதும், ஒருவர் குச்சியினின்று மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றுதல் எரிந்த உடலின் எலும்பு பொறுக்குங்கால் செய்வது என்பதும் அறிந்தபோது ஆச்சி வியந்தார். “ஈமச்சடங்கிற்குரியதை உணவிடத்துச் செய்யலாகாது என்பது அவர்க்கும் நமக்கும் ஒன்றே. இன்னது அதற்குரியது என்பதுதான் வேறு,” என்றார்.

மறுத்தற்கும் அந்நாட்டார் ஒரு நயம் வைத்துள்ளனர். இயலாது என்று வெளிப்படக் கூறாது, ‘சற்று’ என்னும் பொருளதாகிய ‘சொத்தோ’ என்னும் சொல்லைச் சொல்லி இழுத்து நிறுத்துவர். கேட்டவர் அதுவே மறுப்பென உணர்ந்து அடங்குவர். தமிழரும் “பார்க்கலாம்” என்று சொல்லி மறுத்தல் உண்டன்றோ? ஆதலின் இஃது அவளுக்கு எளிதில் விளங்கிற்று.

நிற்க. இவ்வாறு பிறர் வழக்கங்களைக் கற்பதில் ஊக்கமுற்றிருந்த அவள், தன் வழக்கத்தைப் பிறர்க்குச் சொல்ல வேண்டிய இடத்திலே தவறினாள். அத்தவறே இவ்வரலாற்றின் முதற்பாடம். ஆராய்ச்சிக் கூடத்தார் அனுப்பிய வினாத்தாளில், “தாங்கள் உண்ணாத உணவு யாதேனும் உண்டோ?” என்றொரு வினா இருந்தது. அவள் “சிறப்பாக ஒன்றும் இல்லை” என்று எழுதினாள். புதிதாகச் செல்லும் இடத்தில் தொல்லை தருபவள் என்று எண்ணுவரே என்னும் நாணம் ஒருபுறம். உண்ணும்போது வேண்டாதவற்றை ஒதுக்கிவிடலாம் என்னும் துணிவு ஒருபுறம். விடை எழுதியதை அன்றிரவு ஆச்சியிடம் கூறினாள்.

ஆச்சி சினந்திலர், ஒன்று மட்டும் வினவினார். “நம் வீட்டுக்கு ஒருவர் விருந்தாக வருகின்றார். அவர்க்கு என்ன ஆகாது என்று முன்னரே கேட்கின்றோம். ஒன்றுமில்லை என்கின்றார். நாள் முழுதும் சமைத்து இலையிட்டபின் இதுவும் ஆகாது அதுவும் ஆகாது என்று ஒதுக்குகின்றார். அப்போது எனக்கு எப்படி இருக்கும்?”

அவள் மறுமொழி கூறவில்லை. “முன்னே சொல்வது தொல்லை அன்று, அம்மா. சமைப்பவர்க்குச் செய்யும் உதவி அது. இலைமுன் அமர்ந்து சொல்வதே தொல்லை,” என்று ஆச்சி முடித்தார்.

உண்மையில் அந்நாட்டு உணவில் ஒதுக்குதல் இயலாத ஒன்று உண்டு. காய்கறிக் குழம்பானாலும், மிசோ என்னும் புளித்த சோயா விழுதைக் கரைத்த சாறானாலும், அதற்கு அடிப்படையாக அமைவது ‘தாஷி’ என்னும் கொதிநீர். அதனைக் காயவைத்த கட்சுவோ மீனின் சீவல்களை இட்டு இறக்குதல் பெருவழக்கு. கண்ணுக்கு மீன் புலப்படாது. குழம்பு முழுதும் மீனாகவே இருக்கும். அன்றியும், ‘இறைச்சி உண்ணேன்’ என்று மட்டும் சொன்னால் மீன் அதனுள் அடங்குவதாக அவர் கருதார். மீனும், மீன் சேர்ந்த தாஷியும் ஆகா என்று பிரித்துச் சொல்லுதல் வேண்டும். ஆனால் ‘கொம்பு’ என்னும் பெயருடைய கடற்பாசியாலும் தாஷி இறக்குவது உண்டு. பௌத்தத் துறவிகளின் ‘ஷோஜின்’ உணவு ஊனும் மீனும் முற்றத் துறந்தது. கோயில்கள் நிறைந்த கியோட்டோ அவ்வுணவுக்குப் பெயர்பெற்ற நகரம். எனவே அவள் உண்ணும் உணவு அந்நாட்டார்க்கு விளங்காத ஒன்று அன்று, சொன்னால் விளங்குவது, சொல்லாதவிடத்து விளங்காதது.

மறுநாள் அவள் ஆராய்ச்சிக் கூடத்திற்குத் திருத்தக் கடிதம் விடுத்தாள். முன்னர் எழுதியது பிழை என்று ஒப்புக்கொண்டு, உண்ணாதவற்றையும் அதன் காரணத்தையும் நான்கு வரியில் எழுதி, தான் தங்கும் அறையிற் சமைத்துக்கொள்ள இடமிருப்பின் அதுவே போதுமானது என்றும் குறித்தாள். மூன்றாம் நாள் விடை வந்தது. முன்னரே அறிவித்தமைக்கு நன்றி என்றும், வரவேற்பு விருந்து மீனுணவுக் கடையில் ஏற்பாடாகியிருந்ததென்றும், அதனைக் கொம்புத் தாஷி வழங்கும் வேறோர் இடத்திற்கு மாற்றிவிட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. அவள் வாளா இருந்திருப்பின், முதல்நாள் விருந்திலேயே அவர்க்கு வருத்தமும் தனக்கு இழுக்கும் தேடியிருப்பாள்.

அது பெயர்த்தி கற்ற பாடம். இனிப் பாட்டனார் கற்றது.

பெயர்த்தி செல்லும் நாட்டைப் பற்றி அவர் தாமும் படிக்கத் தொடங்கினார். படித்தவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பயணத்தின்போது அவளுக்குப் பரிசாக அளிக்க எண்ணினார். 736ஆம் ஆண்டில் ஜப்பான் அடைந்து, 752ஆம் ஆண்டில் நாரா நகரத்துப் பெரும்புத்தர் திருவுருவத்திற்குக் கண்திறப்புச் செய்த போதிசேனர் என்னும் இந்தியத் துறவியின் வரலாறு அதில் முதலிடம் பெற்றது. ஜப்பானிய எழுத்துக்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் முறையில் அடுக்கப்பட்டிருப்பது அந்நாட்டுத் துறவிகள் வடமொழி எழுத்துக்களைப் பயின்றதன் பயன் என்பதையும் எழுதினார். கலைமகள் பென்சைதென் என்னும் பெயரொடும், விநாயகர் கங்கிதென் என்னும் பெயரொடும், மகாகாளர் தைகொகுதென் என்னும் பெயரொடும் அங்கு வழிபடப் பெறுகின்றனர் என்பது அவரைப் பெரிதும் மகிழ்வித்தது. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையன என்று சுசுமு ஓனோ (1919–2008) என்னும் மொழியறிஞர் வாதித்ததையும் எழுதினார். மொழிநூலார் பெரும்பாலார் அதனை ஏற்றிலர் என்பதை எழுதாது விட்டார்.

திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் நிகழுங்கால் பெயர்த்தி ஊரில் இராள். அக்குறையும் தீர்ந்தது போல, கியோட்டோவில் ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் கியோன் விழாவின் தேர்கள் வீதியில் இழுக்கப்படும் செய்தி கிடைத்தது. 869ஆம் ஆண்டில் கொள்ளைநோய் நீங்கும்பொருட்டுத் தொடங்கிய விழா அது. பெருந்தேர்கள் பன்னிரண்டு டன் வரை எடையுள்ளன. சட்டங்களை ஆணியின்றிக் கயிற்றாற் பிணித்து ஆக்கப்படுவன. வீதி முனையில் திருப்புங்கால், பிளந்த மூங்கில்களைச் சக்கரத்தின் கீழ்ப் பரப்பி நீர் தெளித்து, பக்கவாட்டிற் கயிறு பூட்டி இழுப்பர். நம் தேர்களை முட்டுக்கட்டை இட்டுத் திருப்பும் முறையை இளமை தொட்டுக் கண்ட பாட்டனார், அச்செய்தியை இரண்டு பக்கம் எழுதினார். எழுத எழுத, “அங்குள்ளன எல்லாம் நம்மிடமிருந்து சென்றனவே” என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. காண்பார் அனைவரிடத்தும் அதனையே கூறி வந்தார்.

இந்நிலையில் ஒருநாள், தோஜிக் கோபுரத்தைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்த மாணவி, அக்கோயிலின் விரிவுரை மண்டபத்தைப் பற்றிய பகுதியையும் படிக்க நேர்ந்தது. 823ஆம் ஆண்டில் அக்கோயிலைத் தம் பொறுப்பில் ஏற்ற கூக்காய் என்னும் பேராசிரியரின் கருத்தின்படி அம்மண்டபத்தில் இருபத்தொரு திருவுருவங்கள் அமைக்கப்பட்டன. 839ஆம் ஆண்டில் அவை நிறைவுற்றன. அவற்றுள் ஒன்று கொசான்சே என்னும் சினங்கொண்ட காவல் தெய்வம். அதன் காலடியில் மிதியுண்டு கிடக்கும் இருவர், மகேசுவரனும் உமையும் ஆவர். பௌத்த தந்திர நூல்களில், அடங்க மறுத்த மகேசுவரன் இவ்வாறு அடக்கப்பட்டுப் பின்னர் மெய்யுணர்வு பெற்றதாகக் கதை உண்டு.

அவள் திகைத்தாள். எக்கோபுரத்தைக் காணவேண்டுமென்று ஆண்டாண்டாக விழைந்தாளோ அக்கோபுரம் நிற்கும் கோயிலிலேயே இவ்வுருவமும் உளது. பாட்டனாரிடம் சொல்லாது மறைக்கலாமா என்று எண்ணினாள். உணவைப் பற்றி மறைத்ததன் விளைவு நினைவிற்கு வந்தது.

“தாத்தா, ஒன்று சொன்னால் வருந்தமாட்டீர்களே?” என்று தொடங்கி, நூலை அவர்முன் வைத்தாள். அவர் படத்தை நெடுநேரம் நோக்கினார். ஒன்றும் பேசாமல் எழுந்து, மாலை வழிபாட்டிற்குச் சென்றுவிட்டார். அன்றிரவு அவர் குறிப்பேட்டைத் தொடவில்லை.

மறுநாட் காலை அவரே அவளை அழைத்தார். “அந்த மண்டபத்துக்குப் போவாயா?” என்று வினவினார்.

“தாங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். கோபுரத்தை மட்டும் பார்த்து வருவேன்.”

“போய்ப் பார். இறைவனை எவரும் மிதிக்க இயலாது. அங்கு மிதியுண்டு கிடப்பது அவர்தம் கதையில் வரும் ஒரு மகேசுவரன். பெயர் நம்முடையது, கதை அவர்களுடையது. இந்த ஒரு மாதமாக நான் அதைத்தான் மறந்திருந்தேன்.” சிறிது நேரம் கழித்து அவர் மீண்டும் கூறினார்: “நம் கோயிலுக்கு அயலான் ஒருவன் வந்தால், அவன் மனம் நோகத்தக்க சிற்பமும் கதையும் நம்மிடத்திலும் சில உண்டு. அவன் சினவாமல் நின்று, ஏன் இப்படி என்று கேட்டால் நமக்கு எவ்வளவு உவப்பாயிருக்கும்! நீயும் அப்படியே நின்று கேள். கேட்டதை வந்து எனக்குச் சொல்.”

பின்னர் அவர் குறிப்பேட்டை விரித்து, தாம் எழுதியிருந்த பகுதியின் தலைப்பில் ‘ஒத்தன’ என்று எழுதினார். ஓனோவின் கொள்கைக்குக் கீழே, ‘அறிஞர் பெரும்பாலார் ஏற்றிலர்’ என்று சேர்த்தார். எஞ்சிய வெறும் பக்கங்களின் தலைப்பில் ‘ஒவ்வாதன’ என்று எழுதி, “இப்பகுதி உன்னுடையது. இது நிரம்பி வந்தால்தான் நீ அந்நாட்டைக் கண்டு வந்தாய் என்பேன்,” என்று அவள் கையில் அளித்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். நாணம் நம்மைப் பிறர்க்கு மறைக்கின்றது. செருக்குப் பிறரை நமக்கு மறைக்கின்றது. நாணமுடையான் அயலிடத்தில் தன் கொள்கையைச் சொல்லாது விட்டு, நாளடைவில் அதனை இழப்பான். செருக்குடையான் அயலிடத்தில் தன் முகத்தையே எங்கும் கண்டு மகிழ்ந்து, அயலாரைக் காணாமலே மீள்வான். முன்னவன் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவன். பின்னவன் பெறுவதற்கு ஒன்றுமில்லாதவன். கற்கச் செல்வார் பெட்டியினின்று முதலில் எடுத்து வைக்கத்தக்கன இவ்விரண்டுமே.

தாயின் அச்சம் இன்னும் தீராதிருந்தது. புறப்படுவதற்கு முந்திய நாள், “இவள் மாறாமல் திரும்புவாளா?” என்று அவர் பாட்டனாரை வினவினார். அதற்கு அவர் கூறிய விடை சிந்திக்கற்பாலது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு அருகிலுள்ள மலரின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையைப் பெறும். தாயின் அச்சத்திற்குக் காரணமும் இவ்வியல்பே. ஆனால் இவ்வியல்பு இல்லையாயின் கல்வியும் இல்லை. ஆசிரியரைச் சார்ந்து அறிவு பெறுதலும், நல்லாரைச் சார்ந்து நலம் பெறுதலும் இவ்வியல்பால் ஆவனவே. மாறவே கூடாது என்பார் கற்கவே கூடாது என்பாராவர். எனவே வினவத்தக்கது, மாறுவாளோ என்பதன்று. எதனைச் சார்வாள் என்பதே. அந்நாட்டாருடைய காலந்தவறாமை, செய்யும் தொழிலிற் காட்டும் செம்மை, பொதுவிடத்தைத் தம் வீடெனப் பேணும் தூய்மை ஆகியவற்றைச் சார்ந்து சிறிது மாறி வருவாளாயின், அது பெற்றோர் மகிழத்தக்க மாற்றமே அன்றோ?

அருகிருந்த மாணவி, தான் ஆராயச் செல்லும் கோபுரத்தை இதற்கு உவமையாகக் கூறினாள். “நிலைகள் அசையாமல் இறுகி நின்றால் கோபுரம் முறிந்துவிடும், அம்மா. அவை அசைய வேண்டும். நடுத்தூண் ஒன்று தன்பாட்டில் நிற்கவும் வேண்டும்,” என்றாள். பொறியியல் அறியாத தாய்க்கும் அது விளங்கிற்று. “சரி, தூணை மட்டும் பார்த்துக்கொள்,” என்று கூறி, பருப்புப்பொடியில் மேலும் ஒரு பொட்டலம் பெட்டியில் வைத்தார்.

வைகறையில் அவள் புறப்பட்டாள். பாட்டனார் நெற்றியில் நீறிட்டார். ஆச்சி, சொல்ல வேண்டியன எல்லாம் முன்னரே சொல்லி முடித்தமையால், “போய்ச் சேர்ந்ததும் பேசு. அங்கு மூன்றரை மணி நேரம் முந்தி விடியுமாமே, நான் எழுந்திருப்பேனா என்று பாராதே, எந்நேரமானாலும் பேசு,” என்றார்.

அயல்நாட்டிற் பயிற்சி பெறச் செல்லும் இளைஞர் இக்காலத்துப் பலர். அவரை விடுக்கும் பெற்றோரும் பெரியோரும் பெட்டி கட்டுதலோடு அமையாது, இரண்டு செய்திகளை அவர்க்கு உணர்த்துவாராக. தம்முடையதை நாணாது முன்னரே சொல்க; பிறருடையதைத் தம்முடையதாக்காது நின்று கேட்க. இவ்விரண்டும் உடையார்க்கு எந்நாடும் பள்ளியாம், எவரும் ஆசிரியராவர். அங்ஙனம் சென்று கற்று மீள்வாரால் அவர்தம் குடும்பமும் பயன்பெறும். அவரை ஏற்ற நாடும் பயன்பெறும்.